பேர் சொல்லாத உதாரணம்

ஜூலை 1, சனி

இன்று வகுப்பில் ‘ஹியர்’, ‘லிசன்’. தமயந்திக்கு முதல் சொல், எனக்கு இரண்டாவது.

உடுமலையில் பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. மற்ற நாளெல்லாம் தமயந்தி தனியாக வழக்கமான பாடம் நடத்துவாள், சனிக்கிழமை மட்டும் நானும் போவேன், அன்றைக்கு இரட்டைச் சொல். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, அவள் ஒரு சொல்லுக்கும் நான் ஒரு சொல்லுக்கும் வக்கீல் மாதிரி வாதாடுவோம். வித்தியாசம் என்ன என்பதைக் கடைசியில் பிள்ளைகள்தான் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்று சொல்கிறேனே தவிர, ஐம்பது வயது லேத் பட்டறைக்காரரும் அதில் ஒருவர்.

இதற்கு இரண்டே சட்டம். உதாரணம் நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே மற்றவளிடம் சொல்லக் கூடாது. இரண்டும் நான் போட்டதுதான். புத்தகத்து மாம்பழத்தையும் பூனையையும் வைத்து யாருக்கும் இங்கிலீஷ் வந்ததில்லை.

“பக்கத்து வீட்டு மிக்ஸி காலையில என் காதுல விழுது. அது ஹியர்” என்றாள் தமயந்தி. “ஒரு நாள் அந்த மிக்ஸி ஓடல. என்னாச்சோன்னு நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். அது லிசன்” என்றேன் நான். லேத் பட்டறைக்காரர் எழுந்து, “மேடம், என்ற சம்சாரம் பேசறது எனக்கு ஹியர் மட்டும்தானுங்” என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நானும் சிரித்தேன்.

தமயந்தி புதிதாக ஃபோன் ஸ்டாண்டு வாங்கியிருக்கிறாள். இனி சனிக்கிழமை வகுப்பை வீடியோ எடுத்துப் போடப் போகிறாளாம். “ஊரே பாக்கட்டுங்க்கா” என்கிறாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், சுறுசுறுப்பு. பார்க்கட்டும், நல்லதுதானே.

ஜூலை 4, செவ்வாய்

கரண்ட் இல்லை. மாவு ஆட்ட முடியவில்லை. ரவை உப்புமா.

இவர் மில்லில் இருந்து ரிடயர் ஆனபிறகு டிவிக்கு முன்னால் இருக்கிற நாற்காலிக்கு டியூட்டிக்குப் போகிறார். மகன் பிரபு விடிந்ததும் கோயமுத்தூர் கிளம்பிவிடுவான். மருமகள் சுகன்யாவுக்கு வீட்டில் இருந்தே வேலை, காதில் இருந்து அந்த ஒயர் இறங்குவதே இல்லை. இன்று என்னிடம் பேசப்பட்டவை: “காபி.” “சார்ஜர் எங்க?” “அத்தை, கரண்ட் எப்ப வரும்?” மின்சார ஆபீசில் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போல.

மத்தியானம் மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன்.

ஏற்கெனவே காய்ந்த துணிதான். இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். பக்கெட்டில் நாலு காய்ந்த துணியைப் போட்டுக்கொண்டு மேலே போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன். கீழே இருந்து குரல் வந்தால், “துணி காயப்போடறேன்” என்பேன். சில நாள் அழுகை வரும். பல நாள் ஒன்றும் வராது.

மே மாதம் பழனிக்குப் போய்த் திரும்புகிற பஸ்ஸில் தமயந்தியிடம் இதைச் சொன்னேன். எப்படி வாயில் வந்ததோ. “வீடு நெறைய ஆளு தமயந்தி. நான் இல்லைன்னா சோறு இல்லைங்கிறது தெரியும். நான் இல்லைங்கிறது தெரியாது” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற வரைக்கும் விடவே இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சாமிப் பிரசாதத்தின் மேல் கை வைத்தாள். நான் கேட்கக்கூட இல்லை.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதான்.

ஜூலை 8, சனி

இன்று ‘அலோன்’, ‘லோன்லி’. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ‘அலோன்’ வந்தது.

நான் என்னுடன் முன்பு பள்ளியில் வேலை பார்த்த புஷ்பவல்லியைச் சொன்னேன். தாராபுரத்தில் தனி வீடு. அரைக் கைப்பிடி அரிசி போட்டுப் பொங்கி, ரேடியோவோடு சேர்ந்து கத்திப் பாடிக்கொண்டு, யார் வந்தாலும் ‘எப்பக் கிளம்பறீங்க’ என்று கேட்கிறவள். அவளைப் பாவம் என்று யாராவது சொன்னால் அடிக்க வருவாள். ஆள் தனி, மனசு நிறைவு. அது அலோன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

தமயந்தி எழுந்து நின்றாள். “எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா” என்று ஆரம்பித்தாள்.

அந்த முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர், மகன், மருமகள் என்றாள். பக்கெட் என்றாள். காய்ந்த துணி என்றாள். தண்ணீர்த் தொட்டி நிழலைக்கூட விடவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “நான் இல்லைன்னா சோறு இல்லைங்கிறது தெரியும், நான் இல்லைங்கிறது தெரியாதுன்னாங்க. அதுதான் லோன்லி” என்று முடித்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. நல்ல ஞாபகசக்தி.

மஸ்கட் போகப் போகிற பெண் கண்ணைத் துடைத்தாள். “எல்லாம் இருந்தும் கொழுப்புங்க” என்றது பின் வரிசையில் ஒரு குரல். எங்கள் வழக்கப்படி ஒரு சொல் பேசினால் இன்னொரு சொல் பதில் பேசியாக வேண்டும். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வாய் அதன் பாட்டுக்குப் பாடம் நடத்தியது: “அந்தம்மா மாடியில மட்டுந்தான் அலோன். கீழ இறங்கினா லோன்லி.”

கைதட்டினார்கள். தமயந்திதான் முதலில் தட்டினாள். ஸ்டாண்டில் ஃபோன் சிவப்புப் புள்ளியோடு நின்றுகொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து ஜன்னலைச் சாத்தும்போது, “நல்லா அமைஞ்சிருச்சில்லக்கா?” என்றாள். என் முகத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் ம் என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

ரசத்துக்கு உப்புப் போடவில்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூலை 10, திங்கள்

தமயந்திக்கு ஃபோன் செய்தேன். பக்கெட்டோடு மாடிக்குப் போய்த்தான் பேசினேன். கோபமாகப் பேச வேண்டும் என்று சொல் சொல்லாகத் தயார்செய்து வைத்திருந்தேன், ஆனால் அழுகைதான் வந்தது. எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

“அய்யோ அக்கா, பேரே சொல்லலியேக்கா. அந்த நேரத்துக்கு வேற உதாரணமே வர்ல. நிஜமானதா இருக்கோணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“சாமி பிரசாதத்து மேல கை வெச்சியே தமயந்தி.”

வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிடுகிறேன் என்றாள். வெட்டிவிடுவாள். வாய்தான் துடுக்கு, மனசு நல்லது. கூடப் பிறந்தவள் இருந்தாலும் இவ்வளவு கூடவே இருந்திருக்க மாட்டாள்.

ஜூலை 13, வியாழன்

வெட்டவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது சுகன்யா ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அத்தை, உங்க கிளாஸ் வீடியோ செம வைரல்! என் ஆபீஸ் குரூப்லயே வந்துருச்சு.” தண்ணீர் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள். நான் தோசைக் கல்லோடு அடுப்பருகே நின்றேன். திரும்பவில்லை. இப்போது நிமிர்ந்து பார்ப்பார்கள், பிரபு பார்ப்பான், இவர் பார்ப்பார் என்று காத்திருந்தேன்.

காய்ந்த துணி வந்தது. இவர் அந்த இடம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டார். எதற்கும் முந்திக்கொண்டு சிரிக்கிற பழக்கம். “காஞ்ச துணியப் போயி காயப்போடறாளாமா! வேலையத்தவ” என்றார். பிரபு, “ஹஸ்பெண்ட் சரியில்லப்பா” என்றான், அவனும் சிரித்தான். கடைசியில் என் குரல் வந்தது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும். “மாடியில மட்டுந்தான் அலோன்.” சுகன்யா, “சூப்பர் பாயின்ட் அத்தை!” என்று என் தோளைத் தட்டினாள்.

தெரிந்துவிடுமோ என்று சனிக்கிழமையில் இருந்து தூக்கம் இல்லாமல் கிடந்தேன். யாருக்கும் தெரியவில்லை. என் வாயாலேயே சொல்லியும் தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குத் தோசைக் கரண்டியை வீசி எறிய வேண்டும் போல இருந்தது. பிரபு இன்னொரு தோசை கேட்டான். வார்த்தேன்.

தமயந்தி மேல் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே எண் ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடைய காய்ந்த துணியை ஊர் முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டாள்.

ஜூலை 15, சனி

தலைவலி என்று சொல்லி வகுப்புக்குப் போகவில்லை. புதிதாக நிறையப் பேர் சேர வந்தார்களாம், அவளே மெசேஜ் அனுப்பினாள். கூடவே கை கூப்புகிற பொம்மை மூன்று.

ஜூலை 18, செவ்வாய்

இன்று ஒரு அதிசயம். நான் மாடியில் இருந்தபோது படியில் சத்தம். இவர்! முழங்கால் வலி வந்ததில் இருந்து இவர் மாடிப் பக்கமே வந்ததில்லை. கையில் இரண்டு டம்ளர் காபி. பாதி படியில் சிந்தியிருந்தது.

“மழை வருமாட்ட இருக்குது. பாக்கலாம்னு வந்தேன்” என்றார். வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. காபியில் சர்க்கரையும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். பக்கெட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தென்னையில் பாளை விட்டிருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

டிவி ரிப்பேரோ என்று போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 20, வியாழன்

இன்றும் காபி வந்தது. சர்க்கரையோடு. “நீ சாப்பிட்டியா அம்மிணி?” என்று கேட்டார். அம்மிணி என்று கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து, சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து சாப்பிட்டேன்.

ஜூலை 24, திங்கள்

எழுதினால் கண் பட்டுவிடும் போல இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஓட்டலுக்குப் போனோம். எங்கள் இரண்டு பேர் மட்டும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இதற்கு முன் எப்போது போனோம் என்றே நினைவில்லை. நெய் ரோஸ்ட் சொன்னார். ஃபோனை எடுத்து என்னவோ பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். கிரிக்கெட்டாக இருக்கும். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

“சின்ன வயசுல உனக்கு என்னாகோணும்னு ஆசை?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தபோது கேட்டிருக்க வேண்டியது. ஆனாலும் சொன்னேன். ரேடியோவில் அறிவிப்பாளர் ஆக வேண்டும் என்று ஆசை. கிணற்றுக்குள் குனிந்து செய்தி வாசிப்பேன், குரல் பெரிதாகத் திரும்பி வரும். அப்பா ஒருநாள் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார். அதைச் சொன்னதும் இவர் வாய்விட்டுச் சிரித்தார். சாம்பார் சட்டையில் தெறித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

வரும்போது பூ வாங்கிக் கொடுத்தார். மருமகள் முன்னால் வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. வைத்துக்கொண்டேன்.

ஜூலை 26, புதன்

மூன்று நாளாக மாடிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஈரத் துணியைக்கூடப் பின்வாசல் கொடியிலேயே போட்டுவிட்டேன்.

தமயந்தியை நினைத்தால் பழைய எரிச்சல் வரவில்லை. பாவம், ரெண்டு சனிக்கிழமையாக இரண்டு நாற்காலியிலும் அவளே மாறி மாறி உட்கார்ந்து பேசுகிறாளாம். இந்தச் சனிக்கிழமை போகப் போகிறேன். பருப்பு வடை என்றால் அவளுக்கு உயிர். சுட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஜூலை 29, சனி

வடையைத் திருப்பிக் கொண்டுவந்து காக்காய்க்குப் போட்டேன். எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய்விட்டேன். அவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வடையைக் கடித்தாள், கண்ணை மூடினாள், “என்மேல கோவமெல்லாம் போயிருச்சாக்கா?” என்றாள். போய்விட்டது என்றேன். அப்போது ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு கேட்டாள்:

“அப்புறம்? மாடிக்குக் காபி வருதா?”

நான் காபியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

“உனக்கெப்படித் தெரியும்?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம், சரி வெளியே வந்துவிட்டது என்பதுபோல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பு எடுக்கிற குரலில் விளக்கினாள். “நீங்க அன்னைக்கு அப்படி அழுதீங்களாக்கா, எனக்குப் பயமாப் போச்சு. நீங்க எதுனா பண்ணிக்குவீங்களோன்னு. அதான் மாமாவக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். வீடியோவையும் அனுப்பிச்சேன். போடட்டுமா வேண்டாமான்னு அவருகிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டேன். பேர் இல்லியே, போட்டுக்கம்மான்னாரு. அப்புறம் நான்தான் இப்படி இப்படிச் செய்யுங்க மாமான்னு சொல்லிக் குடுத்தேன். மாடிக்குப் போயிப் பேசுங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க, சின்ன வயசுல என்ன ஆசைன்னு கேளுங்க...”

“கிணத்தக்கூடச் சொன்னாராக்கும்?”

“ரேடியோ! எவ்வளவு அழகான உதாரணங்க்கா அது. ‘ட்ரீம்’, ‘விஷ்’ எடுக்கறப்ப...”

அவளுக்குச் சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்ட பெருமை முகத்தில் அப்படியே இருந்தது, வாயோரத்தில் வடைத் தூளோடு. “நல்லதுதானேக்கா நடந்திருக்குது?” என்றாள். நான் டப்பாவை எடுத்து மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப அழுத்தினேன். படியில் பிள்ளைகள் ஏறி வரும்போது நான் இறங்கினேன். மஸ்கட் பெண் குட் ஈவினிங் மேடம் என்றாள். பதில் சொன்னேனா தெரியவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

பிரபுவும் சுகன்யாவும் சினிமாவுக்குப் போன பிறகு கேட்டேன். இவர் மறுக்கவில்லை. டிவி சத்தத்தை மட்டும் குறைத்தார்.

“அன்னைக்கு எல்லாரும் சேந்து பாக்கறப்ப சிரிச்சீங்களே. வேலையத்தவன்னு சொன்னீங்களே. தெரிஞ்சுட்டேதானே சொன்னீங்க?”

“பின்ன? பையன் முன்னால, மருமக முன்னால என்ன பண்றது? சிரிக்காட்டி அவங்களுக்குத் தெரிஞ்சு போயிருமில்ல. உன்ற மானத்துக்குத்தான் சிரிச்சேன்.”

“காபி, ஓட்டலு, பூவு?”

“அந்தப் புள்ள இன்னும் என்னென்னமோ சொல்லுச்சு அம்மிணி. எனக்கு வந்தது இவ்வளவுதான்.”

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதற்காகவாவது சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்த நெய் ரோஸ்ட் இப்போது தொண்டையில் வந்து நிற்கிறது. அவர் கேட்க, நான் வெட்கங்கெட்டு, பல்லெல்லாம் தெரிய, கிணற்றைப் பற்றிச் சொன்னேனே. அவர் அதை அப்படியே கொண்டுபோய் அவளிடம் ஒப்பித்திருக்கிறார். ஹோம்வொர்க் செய்துவிட்டேன் டீச்சர் என்று. ஒருத்தி என் அழுகையை எடுத்துக்கொண்டாள். சிரிப்பை இவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 31, திங்கள்

துவையல் அரைத்தேன். இரண்டு வேளைக்கும் அதுதான்.

ஆகஸ்ட் 2, புதன்

தமயந்தி வீடியோவை எடுத்துவிட்டதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். எடுத்து என்ன, மற்றவர்கள் போட்டது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று பால்காரரின் மனைவி என்னிடமே அந்தக் கதையைச் சொன்னாள். ‘பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொம்பளையாமா’ என்று ஆரம்பித்தாள். நானும் முழுதாகக் கேட்டுக்கொண்டேன்.

வகுப்புக்கு இனி வரவில்லை என்று தமயந்திக்குப் பதில் போட்டேன். காரணம் எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு ஜோடிச் சொல் கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப் பதினெட்டு

எல்லாரும் அமராவதி அணைக்குப் போனோம். பிரபு லீவு போட்டிருந்தான். தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், தயிர்ச் சாதம், எல்லாம் விடியற்காலையில் எழுந்து கட்டினேன். நல்ல கூட்டம். சாப்பிட்டதும் பிரபுவும் சுகன்யாவும் படம் எடுத்துக்கொள்ளத் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். நான் பாத்திரங்களை அலசிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் வந்து பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தார். உட்காரவே சிரமப்பட்டார். ஃபோனை எடுத்து அணைத்து, என் கூடைக்குள் தட்டுக்கு அடியில் வைத்தார். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்தப் புள்ளைகிட்ட இனிப் பேசறதில்லைன்னுட்டேன். அவ சொல்லிக் குடுத்து நான் கேக்கறதில்ல இது. எனக்கே தெரியோணும்னுதான் கேக்கறேன். உனக்கு என்னதான் மரகதம்? நான் எதைக் கவனிக்காம விட்டேன்?”

என் பேரைச் சொன்னார். இது யாரும் எழுதிக் கொடுத்த கேள்வி இல்லை. யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவு தடுமாறி வந்திருக்காது. இத்தனை வருஷமாக இந்த ஒரு கேள்விக்குத்தானே காத்துக்கிடந்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. உங்கப்பா சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நான் தனியாக அழுத நாளில் இருந்து தொடங்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது தமயந்தியின் முகம் வந்தது. பிரசாதத்தின்மேல் வைத்த கை வந்தது. சாம்பார் தெறித்த சட்டையோடு இவர் சிரித்தது வந்தது. இவரும் நிஜமாகத்தான் கேட்கிறார். அவளும் பஸ்ஸில் என் கையை நிஜமாகத்தான் பிடித்திருந்தாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். “வெயில் ஏறுது. அந்த ஈயச் சட்டியைக் கொஞ்சம் எடுங்க.”

எடுத்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம், நான் ஏதாவது சொல்வேன் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.